சரசரக்காத பாவாடை

அக்காவின் பாவாடை தீப்பிடிக்கக் கூடாது. அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு இருந்த ஒரே கவலை இதுதான். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம். பாலே ஆடுகிறவளின் பாவாடையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஊதினால் பறக்கும் பருத்தி வலைத்துணி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு, அடுக்குகளுக்கு நடுவே காற்று. அதைக் கட்டிக்கொண்டு அவள் நிற்கிற மேடையோரத்தில் இடுப்பு உயரத்துக்கு வரிசையாக எரிவாயு விளக்குகள். எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கக்கூட நான் இவ்வளவு நல்ல ஏற்பாடு செய்ததில்லை.

வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். மாலை வகுப்பில் எங்களுக்கு மொழிப்பாடம் எடுக்கும் அம்மையார், கண்டதை முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு எழுது என்பார். எனக்கு இரண்டும் கலந்துவிடும். கலந்துவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

என் அக்கா லெயோனி பாரிஸில் பூல்வார் என்கிற அகலச் சாலையில் இருந்த ஒரு நடுத்தர நாடக அரங்கில் ஆடிக்கொண்டிருந்தாள். அதுவரை கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரிசையில் நின்றவளுக்கு அந்த ஆண்டுதான் முதன்முதலாகத் தனி ஆட்டம் கிடைத்திருந்தது. அதே அரங்கின் பாவாடைகளை வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுப்பது எங்கள் அம்மா. பாத்திஞோல் பேட்டையில் சலவைக்கூடத்துக்கு எதிரே எங்கள் வீடு. அப்பா இல்லை. நான் மார்த், இளையவள். பகலில் ஓர் ஆடையகத்தில் பெரிய வீட்டுப் பெண்களின் விருந்து கவுன்களுக்கு ஓரம் தைப்பேன். மாலையில் நகரமன்றத்து மாடியில் தொழிலாளர்களுக்கு நடக்கும் இலவச வகுப்புக்குப் போவேன்.

அம்மாவும் பெண்ணாக இருந்தபோது ஆடியவள்தான். நிலா வெளிச்சத்தில் காட்டுக்குள் அலையும் ஆவிகளின் கூட்டத்தில் ஓர் ஆவி. முழங்கால் வீங்கிப்போய் ஆட்டத்தை விட்டவள், பாவாடையை மட்டும் விடவில்லை.

"எங்க காலத்துல பாவாடை கெண்டைக்கால் வரைக்கும் இருக்கும்" என்பாள். "நாங்க ஆவிடி. ஆவிக்கு ஏது முழங்காலு?"

"அப்புறம் ஏம்மா மேல ஏறிச்சு?" என்று லெயோனி சீண்டுவாள்.

"காலு என்ன பண்ணுதுன்னு தெரியணுமாம். வித்தை கூடக்கூட துணி கொறைஞ்சுபோச்சு. ஆனா நாங்க ஆடின அந்தக் குளிர்காலம் இருக்கே, பாரிஸ்ல இருந்த அத்தனை சீமாட்டிக்கும் ஆவியாகணும்னு ஆசை வந்துருச்சு. வெள்ளை வலைத்துணி, நடு வகிடு, ஒடியிற மாதிரி இடுப்பு. அந்தப் பனியில அதைக் கட்டிக்கிட்டு விருந்துக்குப் போயி, பாதிப் பேரு சளி புடிச்சு நெசமாவே ஆவியாகப் பாத்தாளுங்க."

இப்போது பாவாடை முழங்காலைத் தொட்டு நாலாப் பக்கமும் விரிந்து நிற்கிறது. முன்வரிசை நாற்காலிகளில் உட்காரும் கனவான்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். டூட்டூ. பச்சைக் குழந்தையின் பின்பக்கத்தைச் செல்லமாகச் சொல்லும் சொல். கேட்டாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அம்மா, என் டூட்டூ எங்க?" என்று லெயோனி வேண்டுமென்றே கூவுவாள்.

"பாவாடைன்னு சொல்லுடி கழுத. குழந்தைக்குக் கழுவிவிடற எடத்துப் பேரெல்லாம் என் வீட்டுல வேணாம்."

தீப்பிடிக்காமல் செய்ய வழி இல்லாமல் இல்லை. பாவாடைகளைப் படிகாரம் கரைத்த உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று எப்போதோ விதி போட்டிருக்கிறார்கள். முக்கினால் தீ பரவாது. ஆனால் துணி பழுப்பேறும், தொய்யும், புளித்த வாடை அடிக்கும். ஆடுகிறவர்கள் அதற்கு ஊறுகாய் என்று பெயர் வைத்தார்கள். முக்கியெடுத்த பாவாடையில் வருகிறவளைப் பார்த்து, "வாடி ஊறுகாய், ஜாடி எங்க?" என்பார்கள். அரங்கில் ஒரு வாளி இருந்தது. அதிகாரி பார்வையிட வருகிற அன்று அதை நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள், அவர் போனதும் மூலைக்குப் போய்விடும்.

அம்மா ஊறுகாய்க்குப் பரம எதிரி. "வெள்ளைன்னா கண்ணு கூசணும். கையில புடிச்சு ஒதறினா சரசரன்னு பேசணும். பேசாத பாவாடை பொணத்துக்குப் போத்தறது."

வேதியியல் வகுப்பில் ஒரு மாலை எங்கள் ஆசிரியர் இரண்டு துணிக் கீற்றுகளை விளக்கில் காட்டினார். ஒன்று பொசுக்கென்று காணாமல் போனது. மற்றது கருகிச் சுருண்டதே தவிர எரியவில்லை. நவச்சாரமும் வெண்காரமும் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்தது என்றார். கருகாத பகுதி ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய் அளவு கேட்டேன். குறித்துக்கொண்டேன். தப்பாகக் குறித்திருப்பேனோ என்று மறுநாள் போய் மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மூன்றாவது முறையும் கேட்கலாம் என்றார்.

ஆடையகத்தில் விழும் வெட்டுத் துண்டுகளில் பழகிப் பார்த்தேன். வெள்ளை கொஞ்சம் மங்கியது. மேடை வெளிச்சத்தில் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் சரசரப்பு போய்விட்டது. கஞ்சியின் விறைப்பு இல்லாமல் ஈரத்துணி மாதிரி ஊமையாகக் கிடந்தது.

லெயோனியைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"என்னை ஊறுகாய் போடப் பாக்கறியா?"

"பாத்தா தெரியாதுக்கா. சத்தம் மட்டும்தான் இருக்காது."

"நான் காலால ஆடறேன். பாவாடையா பாடப் போகுது?" என்றவள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவே பயந்து கெடக்கியா?"

"தூக்கம் வரமாட்டேங்குது."

"சரி போ. உன் தூக்கத்துக்காக. ஆனா அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பொணத்துத் துணின்னு ஒப்பாரி வைக்கும். என் மொத தனி ஆட்டத்துக்கு எனக்கு ஒப்பாரி வேணாம்."

"சொல்லல. நீயும் ஒண்ண ஞாபகம் வெச்சுக்கோ. தண்ணி படக் கூடாது. அலசினா உப்பு போயிரும். போச்சுன்னா பழைய பாவாடைதான்."

"தெரிஞ்சுதுங்க, பேராசிரியர் அம்மா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மாதாகோயில் பூசைக்குப் போயிருந்தபோது பாவாடையை முக்கி, பரணில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினேன். அடுக்குகள் மடியாமல் இருக்க அப்படித்தான் தொங்கவிட வேண்டும். லெயோனி அதைக் கட்டிக்கொண்டு ஒத்திகைகளில் ஆடினாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நான் தூங்கினேன்.

அரங்கேற்றம் அன்று நான் ஆடையகத்திலிருந்து நேராக அரங்கின் மேல் மாடத்துக்குப் போனேன். மேடைக்குப் போகிறவளிடம் நல்லபடியாக ஆடு என்று சொன்னால் ஆகாது, சாணி என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். காலையில் கிளம்பும்போதே அதை அவள் காதில் சொல்லிவிட்டிருந்தேன். அவள் என் மூக்கைத் திருகினாள்.

திரை ஏறியது. லெயோனி முதல்முறை குறுக்கே வந்தபோது மாடத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. பக்கத்தில் இருந்த கிழவர், "அடேயப்பா, என்ன வெள்ளை!" என்றார்.

அவ்வளவு வெள்ளையாக இருக்க முடியாது. நான் முக்கியெடுத்த துணி அப்படி மின்னாது. அந்த நீலச் சாயல் எனக்குப் பழக்கமானது. அம்மாவின் நீலம், அம்மாவின் கஞ்சி.

கீழே ஓடி, மேடைக்குப் பின்னால் நிற்கும் அம்மாவைப் பிடிக்க வேண்டும், இடைவேளையில் பாவாடையை மாற்றச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். என்னால் வரிசையைக் கடக்க முடியவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என்னையும் கைதட்டுகிறவள் என்றே நினைத்திருப்பார்கள். ஆட்டத்தின் முதல் பாதி முடிந்து அவள் மேடையோரம் போய், அட்டையில் செய்த பாறைமேல் உட்கார்ந்தாள். பாவாடைமேல் யாரும் உட்கார மாட்டார்கள், கசங்கிவிடும். பின்பக்கத்து அடுக்குகளை மேலே தூக்கி விரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். எழும்போது ஓர் உதறு உதறி இறக்கிவிடுவார்கள். அவள் எழுந்தாள். உதறினாள். அந்தக் காற்றில் பின்னால் இருந்த விளக்கு நாக்கை நீட்டியது.

அதற்குப் பிறகு கண்டதை எழுத முடியாது. அம்மையார் மன்னிக்கட்டும்.

உடை அறையில் இருந்த மதாம் பெலுஷ் பிறகு எனக்குச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். மதியம் அம்மா பாவாடையைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். "மங்கலா இருந்துச்சு பெலுஷ், என்னான்னே தெரியல. ரெண்டு தடவை அலசி, நீலம் போட்டு, கெட்டிக் கஞ்சி போட்டுட்டேன். அவளுக்குச் சொல்லாத, அவளே பாக்கட்டும்" என்றாளாம். லெயோனி வந்து பாவாடையைக் கையில் எடுத்தாள். ஓர் உதறு உதறினாள். அது சரசரவென்று பேசியது. அவள் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாளாம். பிறகு சிரித்து, "எங்க அம்மா இருக்காளே" என்றாளாம். கட்டிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் மனம் கோணக் கூடாது என்று கட்டினாளா, அந்த வெள்ளையைக் கண்டதும் அவளுக்கே ஆசை வந்துவிட்டதா, ஒரு நாள்தானே என்று நினைத்தாளா? ஒவ்வொரு தடவையும் எனக்கு வேறு வேறாகத் தோன்றுகிறது.

அவள் உடனே போகவில்லை. தர்ம ஆஸ்பத்திரியில் தேன்மெழுகுத் தைலம் பூசிய கட்டுகளுக்குள் கிடந்தாள். பேச்சு விட்டுவிட்டுத்தான் வந்தது. அம்மா சூப் வாங்கப் போயிருந்த நேரத்தில் என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"சொல்லல."

"எப்பவும்."

"எப்பவும் சொல்லல."

"வெள்ளையா இருந்துச்சா?"

"கண்ணு கூசிச்சுக்கா."

அந்த வாரமே இறந்துபோனாள்.

ஆடையகத்தில் வேலை நின்றுவிடவில்லை. சொல்லப்போனால் கூடியது. செய்தித்தாள்கள் எல்லாம் எழுதியிருந்தன. அந்த ஒரு மாலை அந்த வெள்ளையைப் பார்த்தவர்களும், பார்த்ததாகச் சொன்னவர்களும் அதே மாதிரி வேண்டுமென்று வந்தார்கள். இடுப்பிலிருந்து நுரை மாதிரி இறங்கும் வலைத்துணி அடுக்குகள், நீலம் பாய்ந்த வெள்ளை. கண்ணாடி அலமாரியில் ஒன்றை மாட்டி, கீழே 'லெயோனி வெள்ளை' என்று சீட்டு வைத்தார்கள். எங்கள் மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. அந்த லெயோனி என் அக்கா என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஒரு பெண் அளவு கொடுக்க நின்றபோது கேட்டாள்: "இது சரசரன்னு சத்தம் போடுமில்ல? ஆடும்போது அதுதான் அழகுன்னு சொன்னாங்க."

"போடும்" என்றேன். ஓரம் தைத்தேன்.

வீட்டில் அம்மா தேய்ப்புப் பெட்டியைத் தூக்கவே கொஞ்ச நாள் ஆனது. தூக்கிய முதல் நாள், பாவாடை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீதான் படிக்கிறியே. முக்கியிருந்தா பொழைச்சிருப்பாளா?"

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் போகவில்லை.

"நான்தானே ஊறுகாய் வேணாம் வேணாம்னு கத்திக்கிட்டுக் கெடந்தேன். அதான் கேக்கறேன்."

"அதுல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "முக்கினாலும் எரியத்தான் செய்யும்."

அம்மா தலையை ஆட்டினாள். பெட்டியின் சூட்டைக் கன்னத்தருகே வைத்துப் பார்த்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். அன்று கொஞ்சம் சாப்பிட்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு, அம்மாவுக்கு ஒரு பிடி சாப்பாடு. இதற்கு மேல் நான் செய்யக்கூடியது என்ன இருக்கிறது? வகுப்புக்குத் திரும்பவும் போனேன். அந்தத் துணிக் கீற்றுப் பாடத்தை ஆசிரியர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மறுபடி நடத்தினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தத்தில் லெயோனியின் ஆட்டத்தை அதெல் என்ற பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அக்காவோடு கடைசி வரிசையில் நின்றவள், சின்னவள், சிரித்தால் பல் முழுவதும் தெரியும். அவளும் அவள் தாய் மதாம் கிவராரும் பாவாடையை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்கு வந்தார்கள். சனிக்கிழமை, நான் அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆவியும் சோப்பு வாடையும், துவைக்கும் கட்டைகளின் சத்தமும்.

"அதிகாரி இப்போ அடிக்கடி வராரு" என்றாள் மதாம் கிவரார். "முக்கணும்னு நிக்கறாரு. இவ அழுவறா. எனக்குப் பயமாவும் இருக்கு. நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

துவைத்துக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. இந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்பார்களா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "முக்கறதுல ஒண்ணும் இல்ல. முக்கினாலும் எரியும். நானா சொல்லல, என் பொண்ணு சொன்னா. அவ படிக்கிறா, இதையெல்லாம் பாத்திருக்கா. குடு இப்படி. என் மவளுக்குப் போட்ட மாதிரியே வெள்ளையாப் போட்டுத் தரேன்."

அதெலின் முகம் மலர்ந்தது. "பாத்தியா!" என்று தாயின் கையை உலுக்கினாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாளி என் கையில் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். ஆட்டாமல் இருந்தால்கூடப் போதும், அதையே ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் எப்போதும் நிச்சயமில்லாதவள். எழுதியதை அடித்து எழுதுகிறவள். அந்தப் பெண்ணின் பற்களைப் பார்த்தபோது இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை என்பது தெரிந்தது. சந்தேகம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"இல்ல" என்றேன். "முக்கினா எரியாது. கருகும், ஆனா தீ பரவாது."

"அன்னைக்கு நீதானே சொன்ன..." என்றாள் அம்மா.

"அது தப்பும்மா. முக்கணும். முக்கின பிறகு..." மதாம் கிவராரைப் பார்த்துக்கொண்டு முடித்தேன். "முக்கின பிறகு அலசக் கூடாது. தண்ணி பட்டா உப்பு போயிரும்."

அம்மாவின் கைகள் அதெலின் பாவாடைமேல் இருந்தன. நான் மதாம் கிவராரிடம்தான் பேசினேன், ஆனால் அம்மா மங்கலாக இருந்த அந்தத் துணியைத்தான் நினைத்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் இரண்டு தடவை அலசிய துணி. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கைகள் மட்டும் மெதுவாகத் துணியை விட்டு விலகி, ஈரக் கல்லின்மேல் போய் உட்கார்ந்தன.

"முக்கியிருந்துச்சா?" என்றாள்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நீயா?"

"ஆமாம்மா."

"அவளுக்குத் தெரியுமா?"

அதற்கு மட்டும் என்னால் முடியவில்லை. "தெரியாது" என்றேன். மதாம் பெலுஷ் எதையாவது சொல்லித் தொலைக்காமல் இருக்க வேண்டும்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள் அம்மா. அவ்வளவுதான். திட்டவில்லை. அழவும் இல்லை. பக்கத்துக் கல்லில் இருந்த கிழவி ஒருத்தி முதலில் கட்டையை எடுத்து அடிக்கத் தொடங்கினாள், பிறகு மற்றவர்களும் அடித்தார்கள், சத்தம் எங்களை மூடிக்கொண்டது.

அன்று மாலை அம்மா விளக்கு ஏற்றும் நேரத்தில் கஞ்சிச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி கேட்டாள்.

"அந்த உப்பு கஞ்சியில கரையுமா?"

நான் அதை யோசித்ததே இல்லை. துணியை முக்குவது ஒரு வேலை, கஞ்சி போடுவது வேறு வேலை என்றே இருந்துவிட்டேன். வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை.

"தெரியலம்மா. கரையலாம்."

"எடுத்துட்டு வா."

பரணில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்தேன். அம்மா அளவு கேட்டாள், சொன்னேன். கலக்கினாள். அதெலின் பாவாடையிலிருந்து உள்ளடுக்கில் தெரியாத இடத்தில் ஒரு கீற்று வெட்டி, நீலத்தில் அலசி, கஞ்சியில் நனைத்து, அடுப்பருகே கம்பியில் போட்டாள். உலரும்வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். உலர்ந்ததும் என் காதருகே கொண்டுவந்து விரல்களால் கசக்கினாள்.

"கேக்குதா?"

சரசரத்தது. வெள்ளையாகவும் இருந்தது. அம்மாவின் வெள்ளை.

"கேக்குது."

அவள் எழுந்து போய் அந்தக் கீற்றின் நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் பிடித்தாள். நுனி கருத்தது, சுருண்டது. தீ ஏறவில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்தாள். அங்கேயும் கருத்தது, ஏறவில்லை.

"போதும்மா" என்றேன்.

தீப்பிடிக்கவில்லை. அம்மா அதைச் சுடரிலிருந்து எடுக்கவும் இல்லை.